எதிர்ப்புச் சக்தி பானம் வேண்டாம், மாத்திரையைத் தொடங்குங்கள்

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எனக்கு 61 வயது. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே ரப்பர் பால் வெட்டிப் பிள்ளைகளை வளர்த்தேன். ரப்பரை அழித்துச் செம்பனை போட்டார்கள். லயத்தையும் உடைத்தார்கள். இப்போது டவுனில் மகனுடைய தாமான் வீட்டில் நானும் வீட்டுக்காரரும் இருக்கிறோம். கோயில் மண்டபத்தில் நடந்த மருத்துவ முகாமில் எனக்குக் கல்லீரலைத் தாக்கும் ஹெப்பாடைடிஸ் சி இருக்கலாம் என்றார்கள். மறுபடி எடுத்த ரத்தச் சோதனையில் கிருமி 12 லட்சம் என்று வந்தது. ஆனால் கல்லீரல் சோதனையில் ஏஎல்டி 34, ஏஎஸ்டி 38, ரத்தத் தட்டணு 212 ஆயிரம், எல்லாம் நார்மல் என்கிறார்கள். எனக்கும் உடம்பில் ஒரு குறையும் தெரியவில்லை. 1986இல் இரண்டாவது பிரசவத்தில் ரத்தம் ஏற்றினார்கள், அதில் வந்திருக்கலாமாம். 1992இல் பிறந்த கடைசி மகள் தாதியாக வேலை செய்கிறாள். இந்த நோய் உள்ளவர்கள் உடம்பில் எதிர்ப்புச் சக்தியை அடக்குகிற ஒருவகை உயிரணு கூடிவிடுகிறது, அதனால்தான் கிருமி போகாமல் கிடக்கிறது என்று எங்கோ படித்ததாகச் சொன்னாள். அதைக் கேட்ட பக்கத்து வீட்டுத் தம்பி, தான் விற்கிற பானம் அந்த உயிரணுக்களை விரட்டி எதிர்ப்புச் சக்தியை ஏற்றிவிடும் என்கிறார். ஒரு பெட்டி 280 வெள்ளி (ரிங்கிட்), ஆறு பெட்டி குடிக்க வேண்டுமாம். குடிக்கலாமா? இனிப்பு நீருக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். தட்டு, டம்ளர் எல்லாம் எனக்குத் தனி. பேரனைத் தூக்குவதில்லை. வெளியில் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பதில்:

அன்புள்ள அம்மா,

முதலில் பேரனைத் தூக்கிக் கொஞ்சுங்கள். மற்றதெல்லாம் பிறகு. ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, முத்தமிடுவதாலோ, மடியில் வைத்துக்கொள்வதாலோ, இருமல் தும்மலாலோ ஹெப்பாடைடிஸ் சி தொற்றாது. நோயுள்ளவரின் ரத்தம் இன்னொருவரின் ரத்தத்தில் கலந்தால்தான் தொற்றும். பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி, சவரக் கத்தி, சர்க்கரை பார்க்க விரலில் குத்தும் ஊசி ஆகியவற்றை மட்டும் தனியாக வைத்துக்கொண்டால் போதும். தட்டும் டம்ளரும் எல்லோருடையதோடும் சேரட்டும்.

வெட்கப்படவும் இதில் எதுவுமில்லை. 1986இல் உங்களுக்கு ரத்தம் ஏற்றியவர்கள் அந்தப் புட்டியில் இந்தக் கிருமி இருக்கிறதா என்று பார்த்திருக்க வழியே இல்லை. கிருமி அடையாளம் காணப்பட்டதே 1989இல்தான். அதைக் கண்டறிந்ததில் பங்குகொண்ட ஹார்வி ஆல்டர், மைக்கேல் ஹௌட்டன், சார்ல்ஸ் ரைஸ் மூவருக்கும் 2020இல் நோபல் பரிசு கிடைத்தது. கிருமி கண்டுபிடிக்கப்படுமுன் உலகெங்கும் ரத்தம் ஏற்றிக்கொண்ட எத்தனையோ தாய்மார்கள் உங்களைப்போலவே இதை அறியாமல் சுமந்திருக்கிறார்கள்.

பானத்தை வாங்காதீர்கள். ஒரு பெட்டிகூட வேண்டாம். உங்கள் மகள் படித்த செய்தி உண்மை. அதிலிருந்து பக்கத்து வீட்டுத் தம்பி எடுத்த முடிவுதான் தவறு, அதுவும் ஆபத்தான தவறு. ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன். இது புரிந்துவிட்டால் நாளை வேறொருவர் வேறொரு பெட்டியோடு வாசலில் வந்து நின்றாலும் நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள்.

வெள்ளை ரத்த அணுக்களில் டி உயிரணு என்றொரு வகை உண்டு. அதில் ஒரு பிரிவு, கிருமி குடிபுகுந்த உயிரணுவைத் தேடிப் பிடித்து அழிக்கிறது. இன்னொரு சிறு பிரிவு, அந்த அழிக்கும் வேலை எல்லை மீறாமல் அடக்கிவைக்கிறது. இவற்றை ஒழுங்குபடுத்தும் டி உயிரணுக்கள் என்கிறோம். சிடி4 என்ற வகை டி உயிரணுக்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரைதான் இவை. எண்ணிக்கை குறைவென்றாலும் இவற்றின் பிடி பெரிது. தாக்கும் உயிரணுக்கள் பெருகுவதற்குத் தேவையான இன்டர்லூக்கின்-2 என்ற பொருளை இவை தாங்களே உறிஞ்சிக்கொள்கின்றன. இன்டர்லூக்கின்-10, டிஜிஎஃப்-பீட்டா போன்ற அமைதிப்படுத்தும் பொருள்களை வெளிவிடுகின்றன. பக்கத்தில் ஒட்டி நின்று நேரடியாகவும் தடுக்கின்றன. ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி 1995இல் இவற்றை இனம் காட்டினார். இவற்றுக்கு அடிப்படையான ஃபாக்ஸ்பி3 என்ற மரபணுவை 2001இல் மேரி பிரங்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெல்லும் கண்டுபிடித்தார்கள். மூவருக்கும் 2025இன் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

நீங்கள் பால் வெட்டியவர், ஆகவே இதை உங்களுக்குச் சொல்வது எளிது. பட்டையை எவ்வளவு ஆழம் சீவ வேண்டும் என்று உங்கள் கைக்குத் தெரியும். கத்தி கட்டையைத் தொட்டுவிட்டால் அந்த இடத்தில் மறுபட்டை ஒழுங்காக வராது, முண்டும் முடிச்சுமாகிப்போகும். கத்தியை அந்த ஆழத்தோடு நிறுத்துகிற கை எதுவோ, உடம்பில் அதுதான் இந்த உயிரணுக்கள்.

ஹெப்பாடைடிஸ் சி-யில் இந்த நிறுத்தும் வேலை இரண்டு பக்கமும் விளைவு காட்டுகிறது. கிருமி தொற்றியவர்களில் நூற்றுக்கு 15 முதல் 45 பேர் வரை எந்த மருந்துமில்லாமல் ஆறு மாதத்துக்குள் அதை ஒழித்துவிடுகிறார்கள். மற்றவர்களுக்கு அது தங்கிவிடுகிறது. தங்கிவிட்டவர்களின் ரத்தத்தில் ஒழுங்குபடுத்தும் டி உயிரணுக்கள் கூடுதலாக இருப்பதை 2003, 2004ஆம் ஆண்டுகளிலிருந்தே பல ஆய்வுக்கூடங்கள் காட்டிவந்திருக்கின்றன. நோய்ப்பட்ட கல்லீரலுக்குள்ளும் இவை சேர்ந்து கிடக்கின்றன. நோயாளியின் ரத்தத்திலிருந்து இவற்றை மட்டும் பிரித்தெடுத்துவிட்டுப் பார்த்தபோது, சோதனைக் குழாய்க்குள் மிச்சமிருந்த டி உயிரணுக்கள் கிருமிக்கு எதிராக முன்பைவிட வேகமாகச் செயல்பட்டன. உங்கள் மகள் படித்தது இந்தப் பகுதியைத்தான்.

மறுபக்கத்தைப் பாருங்கள். இந்தக் கிருமி தானாகக் கல்லீரல் உயிரணுவைக் கொல்வது குறைவு. கிருமியிருக்கும் உயிரணுவை நம் எதிர்ப்புச் சக்தி தாக்குகிறது, அந்தத் தாக்குதலின் தழும்புதான் வருடக்கணக்கில் சேர்ந்து கல்லீரலை இறுக்கிவிடுகிறது. தாக்குதலை அடக்கும் உயிரணுக்கள் கிருமியைப் பிழைக்க விடுகின்றன, அதே நேரத்தில் கல்லீரலையும் காக்கின்றன. ஏஎல்டி நார்மலாக இருக்கும் நோயாளிகளையும் கூடியிருக்கும் நோயாளிகளையும் இத்தாலியில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நார்மலாக இருப்பவர்களிடம்தான் இந்தக் கிருமிக்கென்றே உருவான அடக்கும் உயிரணுக்கள் அதிகமாக இருந்தன என்று 2006இல் எழுதினார்கள். உங்களைப்போல் பல பத்தாண்டுகள் ஒரு குறையும் தெரியாமல் இருப்பவர்களுக்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

கிருமி போகாததற்கு இந்த உயிரணுக்களை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. குணமடைந்த சிம்பன்சிகளிடமும் நோய் தங்கிய சிம்பன்சிகளிடமும் இவற்றின் அளவும் வேலையும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்ததாக ஓர் ஆய்வு காட்டியது. இவை கூடியதால் கிருமி தங்கியதா, கிருமி தங்கியதால் இவை கூடினவா என்ற கேள்வி ஆய்வாளர்களிடையே இன்றும் இருக்கிறது. கிருமியின் சாமர்த்தியமும் சாதாரணமானதல்ல. ஒரு நோயாளியின் உடம்பில் ஒரு நாளைக்கு லட்சம் கோடி புதிய கிருமிகள் உண்டாவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். தன்னைப் பிரதி எடுக்கும்போது அது செய்யும் பிழைகளைத் திருத்த அதனிடம் ஏற்பாடு இல்லை. அதனால் ஓயாமல் உருமாறுகிறது. தாக்கும் டி உயிரணுக்கள் பழைய உருவத்தைத் துரத்திக் கொண்டிருக்கும்போதே புதியது வந்துவிடுகிறது. வருடக்கணக்கில் இப்படித் துரத்தியே அந்த உயிரணுக்கள் களைத்து, இருந்தும் வேலை செய்யாத நிலைக்குப் போய்விடுகின்றன.

ஆகவே அந்தத் தம்பி சொல்வதுபோல அடக்கும் உயிரணுக்களை விரட்டிவிட்டால் என்ன ஆகும்? அதற்கான விடையை இந்த நோயே காட்டியிருக்கிறது. ஹெப்பாடைடிஸ் சி உள்ளவர்களில் சிலருக்கு ரத்தக் குழாய்களில் அழற்சி வருகிறது. காலில் ஊதாநிறப் புள்ளிகள் தோன்றும், மூட்டு வலிக்கும், நரம்பு மரத்துப்போகும், சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். இவர்களைச் சோதித்த பிரெஞ்சு மருத்துவர்கள் 2004இல் கண்டது, ஒழுங்குபடுத்தும் டி உயிரணுக்கள் இவர்களிடம் குறைந்துபோயிருந்ததைத்தான். அதே நாட்டில் பின்பு இப்படிப்பட்ட பத்து நோயாளிகளுக்கு இன்டர்லூக்கின்-2ஐ மிகக் குறைந்த அளவில் ஊசியாகப் போட்டார்கள். அதை உறிஞ்சிக்கொண்டு அடக்கும் உயிரணுக்கள் பெருகின. எட்டுப் பேருக்கு நோய் தணிந்தது. ரத்தத்தில் கிருமியின் அளவும் ஏறவில்லை. 2011இல் வெளிவந்த இந்த முடிவை நான் நோயாளிகளிடம் அடிக்கடி எடுத்துச் சொல்வதுண்டு. இந்தப் பத்துப் பேருக்கும் தேவைப்பட்டது அடக்கும் உயிரணுக்களைப் பெருக்கும் மருந்து. உங்களுக்கு விற்கப்படுவதோ அவற்றை விரட்டுவதாகச் சொல்லும் பானம்.

ஃபாக்ஸ்பி3 மரபணு பழுதாகிப் பிறக்கும் ஆண் குழந்தைகள் மிக அரிதாக இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த உயிரணுக்கள் வேலை செய்வதில்லை. பிறந்த சில வாரங்கள், மாதங்களுக்குள்ளேயே அவர்களின் சொந்த உடம்பே குடலையும் தோலையும் கணையத்தையும் தாக்கத் தொடங்கிவிடுகிறது. பெற்றோர் படும் பாட்டைச் சொல்லி முடியாது. 'எதிர்ப்புச் சக்தி எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு நல்லது' என்று பெட்டியில் அச்சடிப்பவர்களுக்கு இதெல்லாம் தெரியுமா என்றே எனக்குச் சந்தேகம்.

அந்தப் பானத்தில் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. இன்னொன்று மட்டும் தெரியும். கோவிட் காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று சீந்தில் கொடியைக் கஷாயமாகவும் மாத்திரையாகவும் பலர் சாப்பிட்டார்கள். அப்படிச் சாப்பிட்டுக் கல்லீரல் அழற்சியோடு வந்த ஆறு பேரைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021இல் எழுதினார்கள். அதில் பலருக்கு இருந்தது, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கல்லீரலைத் தாக்கும்போது வருவதைப் போன்ற அழற்சி. கீழாநெல்லியையும் நம் வீடுகளில் மஞ்சள் காமாலைக்குத் தருவது வழக்கம்தான். ஹெப்பாடைடிஸ் சி கிருமியை அது நீக்கும் என்பதற்கு நிரூபணம் இல்லை. சிகிச்சை முடியும்வரை எந்தக் கஷாயமும் வேண்டாம். மது ஒரு துளியும் கூடாது.

ஆறு பெட்டிக்கு 1,680 வெள்ளி ஆகிறது. அந்தப் பணம் வீட்டிலேயே இருக்கட்டும், ஏனென்றால் உண்மையான மருந்து அரசு மருத்துவமனையில் கிடைக்கிறது. முன்பு இந்த நோய்க்கு இன்டர்ஃபெரான் ஊசிதான். ஆறு மாதமோ ஒரு வருடமோ, காய்ச்சலும் சோர்வுமாகப் போட்டுக்கொள்ள வேண்டும். அதுவும் ஒருவகையில் எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்பும் மருந்துதான். கிருமியின் வகையைப் பொறுத்து, பாதிப் பேருக்குக்கூடப் பலிக்காமல் போனதுண்டு. இப்போதுள்ள மாத்திரைகள் எதிர்ப்புச் சக்தியைத் தொடுவதே இல்லை. கிருமி தன்னைப் பெருக்கிக்கொள்ளப் பயன்படுத்தும் புரதங்களை நேராக முடக்கிவிடுகின்றன. 2013இல் அமெரிக்காவில் இவற்றில் ஒன்றான சோஃபோஸ்புவிர் வந்தபோது ஒரு முழுச் சிகிச்சைக்கு 84,000 டாலர் கேட்டார்கள். நம் மலேசிய அரசாங்கம் 2017 செப்டம்பரில் காப்புரிமைச் சட்டத்தின் கீழ் தனக்குள்ள உரிமையைப் பயன்படுத்தி, விலை மலிந்த சோஃபோஸ்புவிரை வரவழைத்தது. உலகில் எந்த நாடும் அதற்குமுன் இந்த மருந்துக்கு அப்படிச் செய்ததில்லை. பிறகு மலேசியாவிலும் தாய்லாந்திலும் 300 பேரிடம் சோதித்ததில், சோஃபோஸ்புவிரும் ராவிடாஸ்விர் என்ற இன்னொரு மாத்திரையும் சேர்ந்து நூற்றுக்கு 97 பேரைக் குணமாக்கின. 2021இல் ராவிடாஸ்விருக்கு இங்கே அனுமதி கிடைத்தது. தோட்டத்தில் உழைத்த ஒரு தாய்க்கு இந்த மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதை நினைத்தால் எனக்கு மனநிறைவாக இருக்கிறது. தயவுசெய்து அதைத் தவறவிடாதீர்கள்.

உங்கள் எண்களுக்கு வருகிறேன். கிருமி 12 லட்சம் என்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அந்த எண் பெரிதாக இருப்பதால் கல்லீரல் அதிகம் கெட்டிருக்கும் என்று பொருளில்லை. ஏஎல்டி நார்மல் என்பதைப் பார்த்து நிம்மதியாக இருந்துவிடவும் கூடாது. தழும்பை மதிப்பிட ஃபிப்-4 என்றொரு கணக்கு இருக்கிறது. வயதை ஏஎஸ்டி-யால் பெருக்கினால் உங்களுக்கு 2,318. அதைத் தட்டணு எண்ணிக்கை 212ஐ ஏஎல்டி-யின் வர்க்கமூலமான 5.83ஆல் பெருக்கி வரும் 1,236ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1.9 வருகிறது. 1.45க்குக் கீழே இருந்தால் பெரிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. 3.25க்கு மேல் போனால் கவலைப்பட வேண்டும். நீங்கள் நடுவில் இருக்கிறீர்கள். ஆகவே எல்லா முடிவுகளும் நார்மல் என்ற பேச்சோடு இதை விட்டுவிட முடியாது. கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று காட்டும் ஃபைப்ரோஸ்கேன் எடுக்க வேண்டும். ஸ்கேன் எடுப்பதுபோல விலாவின் மேல் ஒரு கருவியை வைத்து அழுத்துவார்கள், வலிக்காது. சுகாதார கிளினிக்கில் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள், ஈப்போ போன்ற பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவைப்பார்கள். கல்லீரல் இறுகவில்லை என்றால் மாத்திரை 12 வாரம். இறுகியிருந்தால் 24 வாரம்வரை போகலாம்.

தொடங்குமுன் மருத்துவரிடம் மூன்று விஷயங்களை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். ஹெப்பாடைடிஸ் பி சோதனை எடுத்தாயிற்றா என்று கேளுங்கள். அந்தக் கிருமி உடம்பில் மறைந்திருந்தால், சி போகும் நேரத்தில் அது தலைதூக்கக்கூடும். இதயத் துடிப்புக்கு அமியோடரோன், வலிப்புக்குக் கார்பமசபின், காசநோய்க்கு ரிஃபாம்பிசின் இவற்றில் எதையாவது சாப்பிடுகிறீர்களா என்று மருந்துப் பையோடு போய்க் காட்டுங்கள். சோஃபோஸ்புவிரோடு இவை சேரக்கூடாது. மூன்றாவது, இனிப்பு நீர். இந்தக் கிருமி இன்சுலின் சரியாக வேலை செய்யவிடாமல் தடுக்கிறது. கிருமி குறையக் குறைய உங்கள் சர்க்கரையும் இறங்கலாம். பழைய அளவு மாத்திரையையே போட்டுக்கொண்டிருந்தால் அது அளவுக்கு மீறித் தாழ்ந்து, மயக்கம்கூட வரலாம். முதல் சில வாரங்கள் அடிக்கடி சோதித்துப் பாருங்கள். வியர்த்துக் கை நடுங்கினால் உடனே இனிப்புச் சாப்பிட்டுவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

மகளிடம் இதைச் சொல்லுங்கள்: அவரும் சோதித்துக்கொள்ள வேண்டும். நீங்கள் ரத்தம் ஏற்றிக்கொண்ட பிறகு பிறந்தவர் அவர். தாயிடமிருந்து குழந்தைக்கு நூற்றுக்கு ஐந்து பேர் அளவில் இது தொற்றுகிறது. தாதி வேலையில் ஊசி குத்திக்கொள்ளும் ஆபத்தும் சேர்ந்திருக்கிறது. 1986க்குப் பிறகு வேறு பிள்ளைகள் பிறந்திருந்தால் அவர்களும் பார்த்துக்கொள்ளட்டும். கணவன் மனைவிக்கிடையே தொற்றுவது மிக அரிது, ஆனாலும் உங்கள் வீட்டுக்காரர் ஒருமுறை சோதித்துக்கொள்வது நல்லது. தைப்பூசத்துக்கு அலகு குத்தும் இளைஞர்கள் குடும்பத்தில் இருந்தால், ஒருவருக்குக் குத்திய அலகை இன்னொருவருக்குக் குத்தவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்.

மாத்திரை முடிந்து 12 வாரம் கழித்து ரத்தத்தில் கிருமி இல்லையென்றால் நீங்கள் குணமாகிவிட்டீர்கள். அந்த அடக்கும் உயிரணுக்கள் பிறகு என்ன ஆகும் என்று மகள் கேட்பார். கிருமி போன பிறகும் பலரிடம் அவை நெடுநாள் கூடுதலாகவே இருப்பதை ஜெர்மன் ஆய்வாளர்கள் 2017இல் எழுதியிருக்கிறார்கள். களைத்துப்போன தாக்கும் உயிரணுக்களும் முழுமையாகப் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. அதனால் குணமானவருக்கும் மறுபடி கிருமி ரத்தத்தில் கலந்தால் மறுபடி தொற்றும். இதற்கு இன்னும் தடுப்பூசியும் இல்லை. ஃபைப்ரோஸ்கேனில் கல்லீரல் இறுக்கம் தெரிந்திருந்தால், குணமான பிறகும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் எடுத்து, புற்றுநோய் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

முகாமில் செய்த முதல் சோதனை, கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருளைப் பார்ப்பது. குணமான பிறகும் அது ரத்தத்தில் நிற்கும். அடுத்த வருடம் அதே மண்டபத்தில் இன்னொரு முகாம் நடந்து, மறுபடி 'இருக்கிறது' என்று சொன்னால் பதற வேண்டாம். 12 வாரத்துக்குப் பிந்தைய சோதனைத் தாளை ஒரு பிரதி எடுத்து அடையாள அட்டையோடு வைத்திருந்து அதைக் காட்டுங்கள்.